அநேகர் என்றால் எத்தனை பேர்

பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவுக்கு மகள் டை கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறையும் முடிச்சு கோணியது. உயிரோடிருந்தால், "துணிக்கடைக்காரன் பொண்ணு கட்டுற லட்சணமா இது?" என்றிருப்பார்.

அவர் கடையில் ஒரே விலை. சம்பந்தியே வந்து நின்றாலும் சல்லிக்காசு இறங்காது. வேதத்திலும் அப்படித்தான். இயேசு செத்தது, கடவுள் முன்பே தேர்ந்தெடுத்து வைத்தவர்களுக்காக மட்டும். "அநேகருக்காகன்னுதானே போட்டிருக்கு? எல்லாருக்காகவும்னா அப்படியே போட்டிருக்க மாட்டாரா?" என்று கேட்டே சபையை இரண்டாக உடைத்தவர். பிரிந்துபோன மறுபாதியின் போதகர், 'எல்லாரையும்' என்றிருக்கும் வேறொரு வசனத்தைக் காட்டினால், அப்பா "எல்லாரும்னா எல்லா விதமான ஆளுங்களும்" என்று கத்தரித்துவிடுவார்.

மகளின் கணவன் குடித்துவிட்டு லாரியோடு கவிழ்ந்து செத்தபோதும் அந்தக் கத்தரி மழுங்கவில்லை. "மருமகன்ங்கிறதுக்காக வசனத்தை இழுத்துத் தைக்க முடியாதும்மா. அவருக்காக ரத்தம் சிந்தப்படல."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும், சொந்தத்துக்கும் வளையாத மனுஷன் என்று ஒரு பெருமை. கணவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். ஒன்பது வருஷம்.

டையை ஒருவழியாக இறுக்கிவிட்டுத் தேநீர் ஊற்றச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் அந்த மறுபாதியின் போதகர்.

"அடக்கத்துல நான்தான் பேசணும்னு அப்பா சொல்லியிருக்காரும்மா."

"நீங்களா? உங்க குரல் கேட்டா எழுந்து உட்காந்துடுவாரு ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி உன் தம்பி மாரடைப்புல கிடந்தான்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'எல்லாருக்காகவும்னே இருக்கட்டும் ஐயா, என் பையன் சபைப் பக்கமே வராதவன்'னு அழுதாரு. அதுக்கப்புறம் பழைய பேச்சுக்குத் திரும்பவே இல்ல."

அந்த ரெண்டு வருஷமும் அவளும் அப்பாவும் தினம் மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லச் சொன்னேன். 'பொண்ணு முன்னாடி எப்படி ஐயா இறங்குறது'ன்னாரு."

"என் வீட்டுக்காரரைப் பத்தி?"

போதகர் அடுப்பைப் பார்த்தார். "அந்தப் பேச்சு வரலம்மா."

தம்பி வாசலில் தலை நீட்டினான். கண் வீங்கியிருந்தது. "அக்கா, மூடப் போறாங்க. கடைசியா ஒரு தடவை பாத்துடு, வா."

"மூடச் சொல்லு."

"அக்கா..."

போதகர் எழப்போனார். "உட்காருங்க ஐயா," என்று கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள் அவள். "சர்க்கரை எத்தனை கரண்டி?"