பிஸ்கட் கை காட்டியது

துல்சா நகரத்தில் யாருக்கு ஓணான் வளர்த்துச் சலித்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். டெரிலும் பிஸ்கட் என்ற தன் தாடி ஓணானைக் கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்தான்.

"கீரை போட்டா திங்க மாட்டேங்குது, வெல்மா. கொழுப்பு."

"தொட்டி விளக்கை எப்ப மாத்தின?"

"எதுக்கு மாத்தணும்? நாலு வருசமா நல்லாத்தானே எரியுது!"

எரியும். வெளிச்சம் மட்டும் வரும். எலும்புக்கு வேண்டிய கதிர் ஒரே வருடத்தில் செத்துவிடும். பிஸ்கட்டின் தாடை ரப்பர் மாதிரி வளைந்தது. அந்த வாயால் எதைக் கடிக்கும்?

"ஆனா ரொம்பப் பாசம். என்னைப் பாத்தாலே கை காட்டும்" என்றான். பிஸ்கட் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்ல ஆட்டியது. அது ஏன் கை காட்டுகிறது என்று நான் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பத் தூக்கிப் போயிருப்பான்.

புது விளக்கு போட்டேன். ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்புச்சத்து மருந்து ஊட்டினேன். ஐந்தாம் மாதம் தானாகவே ஒரு புழுவைக் கவ்வியது. எனக்கு அது ஒருநாளும் கை காட்டியதில்லை.

நேற்று டெரில் பார்க்க வந்து தொட்டிமேல் குனிந்தான். புழுவை மென்றுகொண்டிருந்த பிஸ்கட் அப்படியே நின்றது. முன்னங்கால் எழுந்தது.

"பாத்தியா, என்னை மறக்கல!"

"எப்படிடா மறக்கும்? பெரிய ஓணானைக் கண்டா சின்னது அப்படித்தான் கையத் தூக்கும். என்னை ஒண்ணும் பண்ணிடாதேன்னு கெஞ்சுது."

"போ வெல்மா, உனக்குப் பொறாமை" என்று சிரித்துக்கொண்டே, டெரில் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

பிஸ்கட்டின் வாயிலிருந்து பாதிப் புழு கீழே விழுந்தது.