நூற்றெட்டுத் தேங்காயும் வழக்குச் செலவும்

பாரிஸ் லா சப்பல் புடவைக்கடைகளில் அரியரத்தினத்தின் வலது கைக்குத் தனி மதிப்பு இருந்தது. மேல்தட்டுச் சேலையை ஏணி இல்லாமல் எட்டி எடுத்து, ஒரே வீச்சில் மேசை முழுவதும் விரித்துவிடுவார். இருபத்திரண்டு வருடம் அப்படி விரித்த கை, கொரோனாத் தடுப்பூசி போட்ட மறுநாளிலிருந்து நெஞ்சுக்கு மேலே போக மறுத்தது. ஊசி இரண்டு விரல் மேலே ஏறி, தோள்மூட்டுக்குள் இறங்கிவிட்டதாம். கடை முதலாளி விலையான சேலைகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினார். அரியரத்தினம் நட்டஈடு கேட்டு அரசாங்க அலுவலகத்துக்கு எழுதினார்.

அலுவலகம் அனுப்பிய மருத்துவ நிபுணர், ஊசிதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அலுவலகம் தரச் சம்மதித்த தொகை, வைத்தியத்துக்குப் போய்வந்த செலவுக்கே காணாது. எனவே வழக்குப் போட்டார்.

வக்கீல் ரோசாலி புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். முதல் நாளே தெளிவாகச் சொன்னாள்.

"மிசியே அரியரத்தினம், ஜெயிச்சா வழக்குச் செலவையும் அவங்களே தரணும்னு கேக்கலாம். கோர்ட் முழுசா தராது, ஒரு பங்கு தரும். ஆனா எல்லாத்துக்கும் ஃபக்த்யூர் வேணும். வழக்குக்காகச் செலவழிச்ச ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொண்டாங்க."

"ஒவ்வொரு காசுக்குமோ?"

"ஒவ்வொரு காசுக்கும்."

அரியரத்தினம் அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னார். அதுதான் பிழையாகப் போயிற்று. மனைவி வள்ளிநாயகி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். வீடு இருக்கும் ஓல்னேயிலிருந்து போய்வந்த ரயில் ரிக்கற்றுகள், போட்டோக் கொப்பி எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் மேசை லாச்சிகளைக் கவிழ்த்துத் தேடி எடுத்தாள். அவற்றுக்கு நடுவில் ஒரு நீளமான கடைச் சிட்டையும் கிடந்தது.

"உதென்ன சிட்டை?"

"தேங்காய் வாங்கினது. நூற்றெட்டு."

"அதையேன் இதுக்குள்ளை வைக்கிறீர்?"

"நிபுணர் நல்லா எழுதினால் தேருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறதெண்டு நேர்ந்தனாங்கள். அவர் எழுதினவர். உடைச்சம். வழக்குச் செலவு இல்லாமல் இது வேறென்ன?"

அரியரத்தினம் யோசித்துப் பார்த்தார். சிட்டையும் மற்ற ரசீதுகளோடு உறைக்குள் போயிற்று.

ரோசாலியின் செயலாளர் ஒரு பிரெஞ்சுக்காரி. உறையில் இருந்ததை எல்லாம் ஒழுங்காக அட்டவணை போட்டாள். முப்பத்தோராவது வரி: தேங்காய், நூற்றெட்டு. ரோசாலி அன்றைக்கு வேறு இரண்டு வழக்குகளுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டாள்.

விசாரணை நாளன்று அரியரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு, மனைவியோடும் மகள் தாட்சாயினியோடும் முன்வரிசையில் அமர்ந்தார். அலுவலகத்தின் வக்கீல் நெட்டையான, அமைதியான மனிதர். அவர் பேச்சுக்கு நடுவில் "நுவா து கோக்கோ" என்றது கேட்டது. தேங்காயைக்கூட மதித்து எடுத்துப் பேசுகிறாரே என்று அரியரத்தினம் சந்தோஷமாகத் தலையாட்டினார். மகள் முழங்கையால் இடித்தாள்.

"பப்பா, ஆட்டாதேங்கோ. செ கோந்த்ர் நூ."

அது எதிராகத்தான் இருந்தது. வக்கீல் கையில் ரூ பஜோல் தெருக் கோயிலின் தேர்த் திருவிழாப் படங்கள் சில இருந்தன. தேங்காயைத் தலைக்கு மேலே ஓங்கித் தெருவில் அடிக்கும் ஆட்களின் படங்கள். அவர் குரலை உயர்த்தாமலே கேட்டார்: கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது என்று சொல்லும் இந்த மனிதர், ஒரே நாளில் நூற்றெட்டுத் தேங்காய்களை எப்படி உடைத்தார்? உடைத்ததுமல்லாமல், அதற்கான செலவையும் நம்மிடமே எப்படிக் கேட்கிறார்?

ரோசாலி முப்பத்தோராவது வரியை அப்போதுதான் முதல்முறையாக வாசித்தாள். அவளுடைய காது சிவந்துபோயிற்று. அரியரத்தினத்துக்கு இப்போது விளங்கியது: செலவைக் கேட்கப்போய் நட்டஈடும் போகப்போகிறது.

அப்போது வள்ளிநாயகி எழுந்தாள்.

"மதாம், செ முவா," என்றாள் நீதிபதியைப் பார்த்து. பிறகு பிரெஞ்சு போதாமல் தமிழுக்கு மாறினாள். "நான்தான் உடைச்சனான்."

ரோசாலி அவசரமாக மொழிபெயர்த்தாள். நீதிபதி நரைத்த தலைமயிர்க்காரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நூற்றெட்டையுமா?"

"நூற்றேழு. முதல் தேங்காயை இவர்தான் எடுத்தவர். தன்ரை காலிலையே போட்டவர்."

தாட்சாயினி தன் தொலைபேசியில் வீடியோ இருப்பதாகச் சொன்னாள். பதினைந்து நாளுக்குள் வீடியோவையும், அதில் உள்ள பேச்சுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பையும் தர வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார்.

வீடியோ ஆறு நிமிடம். அரியரத்தினம் முதல் தேங்காயைத் தூக்குகிறார், "அம்மா" என்கிறார், தேங்காய் பாதத்தில் விழுகிறது. மிச்ச நேரம் முழுவதும் வள்ளிநாயகி உடைத்துக்கொண்டே ஏசுகிறாள். அந்த ஏச்சு இனி அரச முத்திரையோடு நீதிமன்றக் கோப்புக்குள் போகப்போகிறது என்று நினைக்க அரியரத்தினத்துக்கு வெட்கமாயிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் பங்கஜம் கோயம்புத்தூர்க்காரர். இரண்டாம் நாளே வள்ளிநாயகிக்குப் போன் எடுத்தார்.

"மேடம், 'விசர் மனிசன்'னு ஒன்பது இடத்துல வருது. விசர்னா கோபமா, பைத்தியமா?"

"பைத்தியம். ஆனால் உண்மையான பைத்தியம் இல்லை."

"அப்ப எப்படி எழுதட்டும்?"

"பாசமாய் எழுதுங்கோ," என்றாள் வள்ளிநாயகி.

மொழிபெயர்ப்பு நாலு பக்கம் வந்தது. அரியரத்தினம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டி வாசித்தார். அன்றைக்குத் தெருவில் மேளச் சத்தத்துக்குள் அவருக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை; வீடியோவையும் வெட்கத்தில் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். இப்போதுதான் முழுவதும் தெரிந்தது. 'சேட்டுப் போட்டுவிடுறதும் நான், முதுகு தேய்க்கிறதும் நான். பகலிலை சேலைக்கடையிலை சிரிச்சுக்கொண்டு நிக்கிறார், நித்திரையிலை நோவிலை முனகுறார். நான் முழிச்சிருந்து கேக்கிறது இவருக்குத் தெரியாது. இப்ப ஊருக்கு முன்னாலை வீரம் காட்ட வந்திட்டார் விசர் மனிசன்.'

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். அவள் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும்போலிருந்தது.

"பிரெஞ்சிலை நல்லாய்த்தான் ஏசியிருக்கிறீர்," என்றார்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. ரோசாலி தொலைபேசியில், ஸ்பீக்கரில், வாசித்துச் சொன்னாள். அலுவலகம் முன்பு சொன்னதைவிட நான்கு மடங்கு நட்டஈடு. மனைவி நாளாந்தம் செய்துவரும் உதவிக்கு, அந்த வீடியோவை ஆதாரமாக வைத்து, தனியாக ஒரு தொகை. வக்கீல் செலவில் முக்கால் பங்கு. ரயில் ரிக்கற்று சரி.

"மொழிபெயர்ப்புச் செலவு முழுசா குடுத்திருக்காங்க," என்றாள் ரோசாலி.

"நான் ஏசினதுக்கோ?" என்றாள் வள்ளிநாயகி.

"ஆமாம்மா. அதை பிரெஞ்சுல மாத்தினதுக்கு."

"தேங்காய்க்கு?"

"தேங்காய் இந்த வழக்குக்கு அவசியமான செலவுன்னு நிரூபிக்கப்படலைன்னு எழுதியிருக்காங்க."

வள்ளிநாயகி மா ஒட்டிய கையோடு தொலைபேசிக்குக் கிட்ட வந்தாள். "அவசியமில்லையோ? பிறகெப்பிடி வெண்டனாங்களாம்? அப்பீல் போடேலாதே பிள்ளை?"

அரியரத்தினம் இடது கையை நீட்டித் தொலைபேசியை எடுத்தார். "மெர்சி மேத்ர், இவ்வளவும் காணும்," என்று வக்கீலுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.