ஒப்புக்கு ஓர் இருமல்

பூட்டிய அறைக்குள் ஒருத்தி இருமி இருமிச் சாவாள். வெளியே ஐந்து பேர் நிற்பார்கள். யார் விஷம் வைத்தது என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொலைகாரனைக் கணினி புதிதாகப் பொறுக்கும், விஷமும் மாறும். செத்தவள் மட்டும் மாறமாட்டாள். வறட்டு இருமலா, சளி இருமலா, மூச்சு இழுக்கிறதா என்று கேட்டுத்தான் விஷத்தைப் பிடிக்க முடியும். அதற்கென்றே திரையின் ஓரத்தில் 'மறுபடி கேள்' என்று ஒரு பொத்தான்.

அந்த இருமல், இந்தக் கணினி விளையாட்டில் பிழை பார்க்கிறவனின் மனைவியுடையது.

குரல் கொடுக்க ஆள் கிடைக்கும்வரை ஒப்புக்கு இருக்கட்டும் என்று பதிவு செய்தது. அவளுக்கு நெஞ்சில் சளி என்றுதான் அப்போது நினைத்தார்கள். சளி இல்லை. அவள் போய்விட்டாள். ஒப்புக்கு வைத்தது நிலைத்துவிட்டது. விளையாட்டு வெளிவரப் போகிறது.

அன்று ஆடிப் பார்க்க வந்தவன் ஒரு தடியன். சிப்ஸ் தின்ற விரலை நக்கிவிட்டு அதே விரலால் பொத்தானை அழுத்தினான். திரும்பவும் அழுத்தினான்.

"செமையா சாவுதுப்பா இந்தம்மா!"

விசைப்பலகையில் எச்சில் பளபளத்தது. பக்கத்தில் நின்ற கணவன் அதைத் துடைத்தான். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். நேரே மச்சானின் அறைக்குப் போனான்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன், கம்பெனி முதலாளி. சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"மச்சான், அந்த இருமலை எடுத்துடலாம்."

"எல்லாரும் அதைத்தானே பாராட்டுறாங்க மாப்ள? என் தங்கச்சி இதுல உயிரோட இருக்கான்னு நெனச்சுக்கோ."

"இதுல அவ செத்துக்கிட்டே இருக்கா."

மச்சான் சாவி நுனியைப் பார்த்தார். சட்டையில் துடைத்தார்.

யாருக்கு ஆடிக் காட்டினாலும் இருமல் வரும் இடத்தில் மட்டும் அவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதை இவன் கவனித்திருந்தான். ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டி, அவள் இருமியதை எடுத்த அன்றைய வெட்டாத பதிவை ஓடவிட்டான். சத்தம் வெளியேயும் கசிந்தது.

இருமல். பிறகு அவள் குரல்: "போதும்ண்ணா, வலிக்குது."

அடுத்து மச்சானின் குரல்: "சூப்பர்மா! இன்னும் கொஞ்சம் சத்தமா."

மறுபடி இருமல். யாரோ கை தட்டினார்கள்.

மச்சான் ஹெட்போனைக் கழற்றினார். மூக்கு ஒழுகியது. காது அழுக்கைத் துடைத்த அதே சட்டையில் மூக்கையும் துடைத்தார்.

"எடுத்துடு," என்றார். ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு, "ஆனா இருமல் இல்லாம ஆட்டம் நகராதே, மாப்ள?"

"நான் இருமுறேன். கதவுதான் பூட்டியிருக்கே. உள்ள யார் செத்தா என்ன?"

"அதுவும் சரிதான். அந்தம்மாவுக்குப் பதிலா அவ புருஷன் செத்தான்னு வசனத்தை மாத்திக்கலாம்." அவர் முகம் தெளிந்துவிட்டது.

பதிவு அறை அலமாரி அளவுதான். மைக்கின் பஞ்சு உறை அவளுக்குப் பிறகு மாற்றப்படவே இல்லை. அதில் பழுப்பாக ஒரு கறை, புளித்த வாடை. அவன் வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோய் இருமினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான் கட்டைவிரலை உயர்த்தினார். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"நல்லா இருக்கு மாப்ள. இன்னும் கொஞ்சம் சத்தமா."

அவன் அவரையே பார்த்தான். அவர் தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினார்.

அவன் இருமினான்.