ஆட்டைத்திவசமும் ஒரு வாய்மொழித் தேர்வும்

திதி வியாழக்கிழமை விழுந்தது. கவிசனின் வாய்மொழித் தேர்வும் அதே வியாழக்கிழமைதான்.

மயூரா இறந்து ஓராண்டாகப் போகிறது. ஆங்கில நாட்காட்டியைப் பார்த்து, மனைவியின் ஆட்டைத்திவசத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று எண்ணித் தேர்வுக்கு ஒப்புக்கொண்டிருந்தான். திதி முந்திக்கொண்டு வரும் என்பது ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவனுக்கு உறைக்கவில்லை. பிள்ளை இல்லை. கிரியை செய்ய வேண்டியவன் அவன்தான். தேர்வைத் தவறவிட்டால் கிளாஸ்கோவில் கிடைத்திருந்த ஆய்வு இடம் போய்விடும்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்மனில் இருந்த மாமியார் மங்களேஸ்வரியின் வீட்டில் அவனை இருத்திவைத்து விசாரித்தார்கள். தேத்தண்ணீர்கூட வரவில்லை.

"சோதினையை மாத்தச் சொல்லும்," என்றான் மயூராவின் அண்ணன் லதீசன். "டொக்டரிட்டைச் சுகமில்லையெண்டு ஒரு சீக்மெல்டிங் எழுதி வாங்கிக் குடுத்தால் அலுவல் முடிஞ்சுது."

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை."

"ஓம். அதுதான் எங்களுக்கும் தெரியுது."

மங்களேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள். "மருமோன் என்ன படிக்கிறார் எண்டு சனம் கேட்டால் சொல்ல வெக்கமாக் கிடக்கு. ஸ்கொட்லாந்துக்காரற்றை பழம்பாட்டாம்."

"பாட்டும் இல்லையம்மா, ஒப்பாரி," என்று லதீசன் சிரித்தான். "செத்தவீட்டிலை பொம்பிளையள் அழுததை ஆராய்ச்சி செய்யிறார்."

"ஆரோ பெண்டுகள் அழுததை இருந்து படிக்கிறாய். என்ரை பிள்ளையைப் பெட்டியிலை வைச்சிருக்கேக்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டனியோ?"

அன்றுவரை அவனை 'நீர்' என்று அழைத்தவள்.

"சனிக்கிழமைக்கு மாத்துவம்," என்றான் கவிசன். ஒஸ்லோத் தமிழருக்குக் கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று நல்லது கெட்டது எல்லாமே சனிக்கிழமைதான். மண்டபமும் லீவும் கிடைக்கிற நாளே நல்ல நாள்.

"திதியை மாத்திறதோ?"

"மண்டபம் கிடைக்கேல்லை எண்டு மாமாவின்ரை ஆட்டையைச் சனிக்கு மாத்தினது ஆர் மாமி?"

மங்களேஸ்வரி எழுந்து நின்றாள். "போ வெளியாலை. லதீசன் செய்வான். நீ இந்தப் பக்கம் வரவே தேவையில்லை."

அவன் போனான்.

வியாழன் காலை, தேர்வாளர் இருவருக்கு முன்னால் உட்கார்ந்தான். ஸ்கொட்லாந்துத் தீவுகளிலும் அயர்லாந்திலும் பெண்கள் கேலிக் மொழியில் பாடிய ஒப்பாரிகள் அவனது ஆய்வுப் பொருள். அவற்றுள் சிலவற்றில் செத்தவனின் மனைவியும் அவன் வீட்டுப் பெண்களும் பிணத்துக்கு இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் ஏசுவார்கள். மயூரா இருந்தபோது எழுதத் தொடங்கிய ஆய்வேட்டை அவள் போன பிறகு எழுதி முடித்தான். நடையில் எந்த மாற்றமும் இல்லை.

துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்திருந்த அம்மையார் கேட்டார்: "இந்தப் பெண்கள் ஏன் சண்டை பிடிக்கிறார்கள்?"

"அது மரபு. கேட்பவர்களைப் பிடித்து வைக்கிற உத்தி."

"அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், வாசித்தேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

அவன் யோசித்தான். "ஒன்றும் தோன்றவில்லை."

அவர்கள் அவனைச் சித்தியடையச் செய்தார்கள். நடுத்தரமான தரம். கிளாஸ்கோவுக்கு அது போதும்.

தேர்வுக்குப் போட்ட கோட்டோடு ரொம்மனுக்கு ரயிலேறினான். லதீசன் கதவை அரைவாசி திறந்தான்.

"எல்லாம் முடிஞ்சுது. ஐயரும் போயிட்டார்."

கவிசன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மயூராவின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். சோறு, வடை, பாயசம், பாகற்காய்க் குழம்பு.

"பாகற்காய் ஆருக்கு மாமி?"

"என்ரை பிள்ளைக்கு. அவளுக்கு அதெண்டால் உயிர்."

"அவள் பாகற்காயைத் தொடமாட்டாள்."

"நீ காய்ச்சியிருப்பாய். நாயும் தொடாது."

"உங்களுக்கு முன்னாலை திண்டுட்டு, வீட்டை வந்து வாய் கொப்புளிக்கிறவள். புட்டோடை புறூனுஸ்ட் சீவிப்போட்டுத் திண்டவள் மாமி. அதை ஏன் வைக்கேல்லை?"

"வெள்ளைக்காரன் பாணுக்கு வைக்கிற அந்தப் பழுப்புச் சீஸையோ? ஐயர் இருக்க?"

"ஐயருக்கோ படைச்சனீங்கள்?"

"வாயைப் பொத்தடா! என்னட்டை வளந்த பிள்ளை. உன்னட்டை வந்துபோனவள்."

கவிசன் கத்தினான். "வந்துபோனவளோ? என்ரை கையிலைதான் செத்தவள்! நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"அங்கை தூரத்திலை, பேர்கனிலை நிண்டனான்! ஆரடா எனக்கு நேரத்துக்குச் சொன்னது? நீயோ?"

"மெல்லக் கதையுங்கோ, மேல்வீட்டுக்காரருக்குக் கேக்கும்," என்றான் லதீசன்.

"நீ சும்மா இரு!"

"நீர் சும்மா இரும்!" என்றான் கவிசனும்.

கவிசன் இலைக்கு இந்தப் பக்கம் நிலத்தில் உட்கார்ந்தான். முகம் நனைந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை. மங்களேஸ்வரி அந்தப் பக்கம் சம்மணமிட்டு இருந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"எல்லாம் தெரிஞ்சவன். வேறை என்னடா அவளுக்குப் பிடிக்காது? சொல்லு பாப்பம்."

"பாயசத்திலை முந்திரிகைவத்தல்."

"பொய்," என்றாள் மங்களேஸ்வரி. "அடுத்ததைச் சொல்லு."