தண்ணீர் என்று வைத்தது

மதியம் ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் அந்த ஆராய்ச்சி மாணவி, திரையில் ஒரு புள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரதப் படிகத்தின் படத்தில் தண்ணீர் என்று குறித்திருந்த புள்ளி. தண்ணீரைச் சுற்றி மிஞ்சிப்போனால் நாலு பேர் நிற்பார்கள், அதுவும் கொஞ்சம் தள்ளி. இதையோ ஏழு ஆக்சிஜன்கள் ஒட்டி உரசிக்கொண்டு சூழ்ந்திருந்தன. இங்கே இன்னும் எலக்ட்ரான் வேண்டும் என்று கணினி காட்டும் பச்சைக் கட்டி வேறு அதன்மேல். தண்ணீராவது மண்ணாங்கட்டியாவது! கால்சியம்.

அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும் மருந்து மூலக்கூறைச் செய்வதுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை. வருடக்கணக்கில் செய்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. தண்ணீர் என்றால் நகர்ந்துகொடுக்கும், கால்சியம் இடம் கொடுக்குமா? உனக்குக் கைராசி இல்லை என்றார் அவளுடைய நெறியாளர் சார். அவளும் நம்பித் தொலைத்தாள்.

படிகத்தின் அமைப்பை முதலில் கண்டவள் அக்கா, அவளுக்கு முன்னால் இங்கே படித்தவள், இப்போது வேறு ஊரில் பேராசிரியை. சின்னவள் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவள். அந்த உரிமையில் சின்னவள் அவளுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, அந்தத் தண்ணி தண்ணியே இல்லக்கா. கால்சியம்."

"இப்பதான் பாத்தியாடி?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். சார்கிட்ட சொன்னேன். நாம கால்சியமே சேக்கல, எங்கேருந்து வரும்னாரு. புரதம் எடுக்கற செல்லுலேருந்தே ஒட்டிக்கிட்டு வரும்னு அவருக்குத் தெரியாதா? மறுபடி முதல்லேருந்து செய்யணுமேன்னு பயம். எனக்கும் வேலைக்கு அந்தக் கட்டுரை வேணும். தண்ணின்னே வெச்சுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?" அக்காவின் குரல் இறங்கியது. "ஆய்வேட்டுல தண்ணின்னே எழுதிக் குடுத்துடு. தேர்வாளரா நான்தான் வர்றேன். எதுவும் கேக்க மாட்டேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தத் தொட்டில் தனக்கு வேண்டியிருக்கிறதே என்று அதைவிட அசிங்கமாக இருந்தது.

ஃபோனை வைத்துவிட்டுத் தண்ணீரை அழித்தாள். கால்சியத்தை வைத்துக் கணக்கை ஓடவிட்டாள். பச்சை துடைத்துவிட்டாற்போல் போயிற்று. இத்தனை வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக எதுவும் அவள் கையில் பொருந்தியதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்து சார் தலையை மட்டும் நீட்டினார். "என்னம்மா, ஆய்வேடு சாயங்காலம் கையெழுத்துக்கு வந்துடும்ல?"

"வந்துடும் சார்," என்றது வாய்.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அவள் விரல் மவுஸ் பொத்தானின்மேல் கிடந்தது, அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.