ஐந்து யார்ட் இடைவெளி

விருந்தாளியாக வந்தவள் மூன்றாம் நாளே என் விளையாட்டைப் பழித்தாள். அதுவும் எங்கள் வீட்டு மேசையில், என் அம்மா அவித்த இடியப்பத்தைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டு.

"உங்கட ஆட்டத்தில பத்து யார்ட் போக நாலு தரம் குடுப்பினம், என்ன மச்சாள்? எங்கட பக்கம் மூண்டு தரந்தான். மூண்டில ஏலாட்டிப் பந்தைக் குடுத்திட்டுப் போகவேண்டியதுதான்."

பிரீத்தா என் மாமாவின் மகள். கனடாவில், வின்னிபெக்கில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு வருட வேலை விசாவில் லண்டனுக்கு வந்து, ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் பெட்டியை இறக்கியிருந்தாள். என்னைவிட ஐந்து வயது இளையவள். அங்கே ஒரு பெண்கள் அணியில் கனடியன் புட்போல் விளையாடியவள். நான் இங்கே ஆறு வருடமாக அமெரிக்கன் புட்போல் விளையாடுகிறேன். வெளியாட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தலைக்கவசம், தோள் கவசம், இரண்டு பக்கமும் கூரான பந்து, அதை வைத்திருப்பவளை இடித்து விழுத்துவது. அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். ஒரே விளையாட்டை விளையாடும் இரண்டு பிள்ளைகள், வலு பொருத்தம் என்று மாமாவிடம் போனில் சந்தோஷப்பட்டார்.

ஒரே விளையாட்டாம்!

"நாலு தரம் இருந்தாத்தான் யோசிச்சு விளையாடலாம்," என்றேன். "நீங்கள் ரெண்டு தரம் முட்டிப் பாத்திட்டு, மூண்டாந்தரம் பந்தை உதைச்சுக் கலைக்கிறீங்கள். அதையும் ஒரு விளையாட்டெண்டு சொல்லிக்கொண்டு."

"அதிலதான் விறுவிறுப்பு, மச்சாள். மைதானம் நூற்றிப்பத்து யார்ட். அகலமும் கூட. பன்னிரண்டு பேர் ஓடித்திரியிறம். உங்கட பதினொரு பேரும் நெருப்புப்பெட்டிக்குள்ள நிக்கிற மாதிரி எல்லோ நிக்கினம்?"

"கோலுக்கு உதைச்ச பந்து பிழைச்சுப் போனாலும் ஒரு புள்ளி குடுக்கிற ஆக்கள் விறுவிறுப்பைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

"அது ஏன் குடுக்கிறதெண்டு விளங்க மூளை வேணும்."

"அப்பிடியோ? 2027 இல உங்கட பெரிய லீக்கே மைதானத்தை நூறு யார்டாச் சுருக்கப் போகுதாம். செய்தி பாக்கிறேல்லையோ?"

அவளுடைய கை இடியப்பத்தில் அப்படியே நின்றது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, சொல்வதற்கென்ன. ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. "லீக் சுருக்கட்டும். நான் சுருங்க மாட்டன்," என்றாள். அம்மா அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தார். கனடாவில் பிறந்தவள் என்னைவிட நல்ல தமிழ் கதைக்கிறாள் என்பது அம்மாவுக்குப் பெரிய புளுகம், அப்படியொரு பூரிப்பு. எனக்கு அது தொண்டையில் முள்.

நான் ஒரு கவுன்சிலில் வேலை பார்க்கிறேன். வீட்டு வாசலில் கார் நிறுத்த அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, பெரும்பாலானவற்றை நிராகரிப்பது என் வேலை. நிராகரிக்கும் கடிதத்தில் காரணம் இருக்கவேண்டும், முடிவு எடுத்தவரின் பெயர் இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கடிதம் செல்லாது. பத்து வருடமாக இதைச் செய்கிறேன். விதி என்றால் எனக்கு விதிதான். ஆகவே பின்னால் நடந்ததை, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம்.

அணியில் என் இடம் எது என்று சொல்லவேண்டும். எதிரணி பந்தை உயர உதைக்கும்போது, மைதானத்தின் பின்கோடியில் தனியாக நின்று அதைப் பிடித்து, முன்னால் ஓடுகிறவள் நான். அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் எதிரணிக்காரிகள் நேரே உங்களை நோக்கிப் பாய்ந்து வருவார்கள். அந்த இடத்துக்கு வர எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதற்கு முன்பு தண்ணீர்ப் போத்தல்களோடு பெஞ்சில் இருந்தேன்.

இங்கேதான் இரண்டு ஆட்டங்களுக்கும் பெரிய வித்தியாசம். அமெரிக்க விதிப்படி, பந்து இறங்குமுன் கையை உயர்த்தி ஆட்டினால் உங்களை ஒருவரும் தொடக்கூடாது. ஆனால் பிடித்த பிறகு நீங்கள் ஓடவும் முடியாது. கையை உயர்த்தாவிட்டால் ஓடலாம், பந்து கைக்கு வந்த அந்தக் கணமே அடியும் விழலாம். கனடாவில் கை உயர்த்தும் கதையே இல்லை. பிடிக்கிறவளைச் சுற்றி ஐந்து யார்ட் இடைவெளி விட்டு எதிரணி நிற்கவேண்டும். அவள் பிடித்த பிறகுதான் நெருங்கலாம்.

"கை தூக்கிறதோ?" என்றாள் பிரீத்தா, எங்கள் அணியில் சேர்ந்த முதல் நாள் பயிற்சியில், அத்தனை பேருக்கும் முன்னால். "பள்ளிக்கூடத்தில ஒண்டுக்குப் போகக் கேக்கிற மாதிரியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கோச் கொட்வின் அண்ணையும் சிரித்தார். அவர் விம்பிள்டன் பக்கம் இருக்கும் மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறவர், இலேசில் சிரிக்காதவர். அன்று ஒரு மணித்தியாலம் பந்தை உதைத்து உதைத்துப் பார்த்தார். அவள் ஒன்றையும் தவறவிடவில்லை. பிடித்தவள் ஓடிய ஓட்டத்தை எங்களில் ஒருத்தியாலும் மறிக்க முடியவில்லை.

"ஜது, நீ கொஞ்ச நாளைக்கு வெளியில நில். பிரீத்தா பின்னுக்கு நிக்கட்டும்," என்றார்.

மூன்று வருடம் பெஞ்சில் இருந்து வாங்கிய இடம் ஒரு மணித்தியாலத்தில் போனது. வீட்டுக்கு வந்தால், அம்மா அவளுக்கென்று புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் செய்து வைத்திருந்தார். அதை நான் தின்னவில்லை. பொறாமைதான். வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை.

அடுத்த கிழமை அவளுடைய முதல் ஆட்டம். அதுவரை அந்த ஒரேயொரு பயிற்சிதான் எடுத்திருந்தாள். கனடாவில் பந்து எடுபடுமுன்பே முன்னால் ஓடித் தொடங்கலாம், எத்தனை பேரும் ஓடலாம். இங்கே ஒரேயொருத்தி பக்கவாட்டில் அசையலாம், மற்றவர்கள் அசையாமல் நிற்கவேண்டும். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே என்னிடம்தான் கேட்டாள். நம்பித்தான் கேட்டாள்.

"மச்சாள், இஞ்சையும் முன்னுக்கு ஓடித் தொடங்கலாமோ?"

"ஓம், ஓடலாம்," என்றேன்.

ஓடினாள். நடுவர் பிழை என்று மஞ்சள் கொடியை எறிந்தார். கொடி வேறு எவளுக்கோ என்று நினைத்து மீண்டும் ஓடினாள். மீண்டும் கொடி. எதிரணிக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கொட்வின் அண்ணை தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். அவள் மைதானத்தின் நடுவில் நின்று மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றோடு எங்களுக்குள் கதை நின்றது.

எங்கள் குடும்பத்தில் கோபம் என்றால் சத்தம் போடுவது குறைவு. கதைப்பதை நிறுத்துவோம். என் அப்பாவும் அவருடைய தம்பியும் ஒன்பது வருடம் அப்படி இருந்தவர்கள். நானும் பிரீத்தாவும் ஐந்து கிழமை இருந்தோம், ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு. நான் வாயில் பிரஷ்ஷோடு குளியலறைக்குள் கதவடியில் நிற்க, அவள் சமையலறையைப் பார்த்துச் சொல்வாள்: "மாமி, அவ எப்ப வெளியில வருவா எண்டு கேளுங்கோ." அம்மா வந்து அதையே எனக்குச் சொல்வார். நான் சொல்வதை அவளிடம் கொண்டுபோவார். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். தபால்காரி தோற்றுப்போவாள்.

நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அவளால்தான் வந்தோம், அது இன்னும் எரிச்சல். ஆட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, கொட்வின் அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"பிரீத்தா போனை எடுக்கிறாளில்லை, வேலையில போல. நீ ஒண்டு சொல்லிவிடு. மற்ற அணியில உதைக்கிறவள் பந்தை வானத்துக்கு அனுப்புறாள். அது கீழ வர முதல் இருபத்தொண்டாம் நம்பர்க்காரி வந்து நிப்பாள். சரியான வேகம். இவள் இன்னும் அஞ்சு யார்ட் கிடைக்குமெண்ட நினைப்பிலதான் நிண்டு பிடிக்கிறாள். முதல் பந்துக்குக் கட்டாயம் கை தூக்கச் சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லு. எனக்கு நாளைக்குக் காலமை ஷிப்ட், ஆட்டம் தொடங்கினாப் பிறகுதான் வந்து சேருவன்."

"சொல்லுறன் அண்ணை," என்றேன்.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவ வந்தவுடன சொல்லுங்கோ. நாளைக்கு முதல் பந்துக்குக் கை தூக்கட்டாம். கட்டாயமாம்."

அம்மா தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆர் சொன்னதெண்டு சொல்ல?"

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்வின் அண்ணையின் பெயரைச் சொன்னால் அவள் கேட்பாள். என் பெயரைச் சொன்னால் கேட்கமாட்டாள். கை தூக்கினால் ஓட முடியாது, அவளுடைய ஓட்டத்தைக் கெடுக்கத்தான் நான் சொல்கிறேன் என்று நினைப்பாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். பெயர் இல்லாத கடிதம் செல்லாது. பிழையான பெயர் போட்ட கடிதம் அதைவிட மோசம்.

"நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தார். வெங்காயக் கையாலேயே என் கன்னத்தைத் தடவினார். என் கண் எரிந்தது.

ஞாயிறு மத்தியானம் ஆட்டம். முதல் உதை எங்கள் பக்கம் வந்தது. பந்து ஏறிக்கொண்டே போனது. பிரீத்தா அதன் கீழே போய், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்து நின்றாள். இருபத்தொன்றாம் நம்பர் கோட்டை ஒட்டி ஓடி வந்ததை நான் வெளியில் நின்று பார்த்தேன். 'தூக்கு' என்று கத்தியிருக்கலாம். அதற்குப் போதிய நேரம் இருந்தது. கத்தவில்லை. பந்து அவள் கைக்கு வந்த அதே கணத்தில் அடி விழுந்தது. நடுவர் கொடி எறியவில்லை. விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

அவள் அழவில்லை. இடது தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் முகத்தை வைத்துக் கிடந்தாள். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் வந்துசேர்ந்த கொட்வின் அண்ணை, நடந்ததைக் கேட்டுவிட்டு எனக்கு மைதானத்தைக் காட்டிக் கையசைத்தார். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அடுத்த உதை வந்தபோது நான் கையை உயர்த்தினேன். இருபத்தொன்றாம் நம்பர் ஓடி வந்து, என் மூக்குக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றாள். மூச்சுக்கூட என்மேல் பட்டது. தொடவில்லை. மூன்று புள்ளியால் வென்றோம்.

கிண்ணத்தோடு படம் எடுக்க நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா எனக்கு முன்பே மினிகாப் பிடித்து வந்திருந்தார். பிரீத்தாவின் காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது, தகடு வைத்துப் பூட்டவேண்டுமாம். இந்த வருடம் ஆட்டம் இல்லை. அடுத்த வருடமும் சொல்ல ஏலாதாம். கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"ஜது எவ்வளவு அக்கறையாச் சொல்லிவிட்டவ," என்று அம்மா அவளுடைய தலையைத் தடவினார். "கை தூக்கு, கட்டாயம் தூக்கு எண்டு. நீ ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"அவ சொன்னபடியாத்தான் கேக்கேல்லை, மாமி. முதல் ஒருக்கா அவ சொன்னதைக் கேட்டு ஆடினனான். ஊரே சிரிச்சது."

அம்மா அப்போதும் என்னைப் பெருமையாகத்தான் பார்த்தார். நான் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டேன். திரையை விலக்கிக்கொண்டு கொட்வின் அண்ணை வந்தார். பஸ் சீருடைகூட மாற்றவில்லை. கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜது, நான் சொல்லச் சொன்னதைச் சொன்னனியோ?"

பிரீத்தா கூரையிலிருந்து கண்ணை எடுத்தாள். ஐந்து கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நேரே என்னோடு கதைத்தாள்.

"கொட்வின் அண்ணையோ சொல்லச் சொன்னவர்?"

"ஓம்."

"அப்ப ஏன் உங்கட பேரைச் சொன்னீங்கள்?"

மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். அவசரம் என்று சொல்லியிருக்கலாம். தினமும் நூறு பேர் எனக்கு எழுதும் சாட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றையும் சொல்லக் கூசியது.

"என்ர பேரைச் சொன்னா நீர் தூக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்," என்றேன்.

கொட்வின் அண்ணை திரும்பி வெளியே போனார். அம்மாவின் கை பிரீத்தாவின் தலையிலேயே நின்றுவிட்டது. எதற்காகத் தன்னிடம் அந்தச் செய்தியைக் கொடுத்துவிட்டேன் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்க ஓரடி முன்னால் வைத்தேன்.

பிரீத்தா முகத்தை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"மாமி, அவவிட்டச் சொல்லுங்கோ. எனக்கு அஞ்சு யார்ட்டுக்குள்ள வரவேண்டாமெண்டு."

ஐந்து கிழமையாக ஒரு சொல் தவறாமல் கொண்டுவந்த அம்மா, இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. ஐந்து யார்ட் எவ்வளவு என்றும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு யார்ட்டுக்கு ஒரு எட்டாகக் கட்டிலடியிலிருந்து பின்பக்கமாக நடந்தேன். மூன்றாவது எட்டிலேயே திரையைத் தாண்டிவிட்டேன். இன்னும் இரண்டு எட்டு வைத்து, நடைபாதைச் சுவரில் முதுகு முட்ட நின்றேன். அம்மா எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் திரையை இழுத்து மூடினார்.