ஐம்பத்தைந்து கிலோ

ராஜகீழ்ப்பாக்கத்தில் சாவித்ரியின் காயலான் கடையில் பெரிய மின்தராசு ஒன்று உண்டு. பகலெல்லாம் அதில் பழைய இரும்பும் அட்டைப் பெட்டியும் ஏறும். மாலை ஆறு மணிக்கு மேல், பக்கத்து மைதானத்தில் கபடி பழகும் பெண்பிள்ளைகள் ஏறுவார்கள். போட்டிக்கு முந்திய வாரம் தினமும் எடை பார்த்து மாஸ்டருக்குப் போனில் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம்.

வெள்ளிக்கிழமை ஜாஸ்மின் ஏறியபோது ஐம்பத்தாறு கிலோ நானூறு கிராம் காட்டியது. ஞாயிறு காலை தாம்பரத்தில் அணித் தேர்வு. அவள் வயதுப் பிரிவுக்கு எல்லை ஐம்பத்தைந்து கிலோ. கூடினால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அவள் அப்பா அப்பாதுரை, மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுபவர். தம் வீட்டுப் பெண் ஜெர்சி போட்டு ஆடப் போகிறாள் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளோடு எடை பார்க்க வந்திருந்தவர், அங்கிருந்தே தயாளன் மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"சோறு கட். நாளைக்கு முழுக்க தண்ணியும் கட். ரெயின்கோட் மாட்டி ஏரிக்கரையில ஓட வுடு, வேர்வையில எறங்கிடும்," என்றார் தயாளன். "நாங்கெல்லாம் இப்படித்தான் எறக்கினோம்."

தயாளன் ஒரு பைசா வாங்காமல் சொல்லிக் கொடுப்பவர். ஷூ இல்லாத பிள்ளைக்குத் தம் கைக்காசில் வாங்கித் தருபவர். அப்படிப்பட்டவரிடம் எதிர்க்கேள்வி கேட்பது நன்றி கெட்டதனம் என்று பெற்றவர்கள் எல்லாருமே நினைத்திருந்தார்கள். அப்பாதுரையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை லாரிக்கு லீவு சொல்லிவிட்டு, ஓடும் மகளின் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு போனார். மூன்றாவது சுற்றில் அவள் நின்றாள்.

"அப்பா, வாயில எச்சியே வரல."

"இன்னும் ஒரே ரவுண்டு கண்ணு. நாளைக்கு இந்நேரம் நீ டீம்ல கீற."

அவள் ஓடினாள். நடுவில் ஒருமுறை முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். தானே எழுந்துகொண்டாள்.

காயலான் கடைத் தராசு ஐம்பத்தைந்து கிலோ முன்னூறு காட்டியது.

"இன்னும் முன்னூறு," என்றார் அப்பாதுரை.

ஜாஸ்மின் தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். "அப்பா, முடிய வெட்டிட்டா முன்னூறு கொறையுமா?" அழாமல், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

சாவித்ரி தராசின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னாக்கா, இன்னொரு தபா பாக்கறதுக்குள்ள..." என்றார் அப்பாதுரை.

"நீ எறங்கு கண்ணு. யோவ் அப்பாதுரை, இதுல நான் ஜனங்க வேணாம்னு தூக்கிப் போட்டதத்தான் நிறுக்கறேன். உன் பொண்ண எதுல சேக்கறது, சொல்லு. ஊருக்கெல்லாம் லோடு லோடா தண்ணி ஊத்துறியே, புள்ள உதட்டப் பாத்தியா?"

அப்போதுதான் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கையைத் தொட்டால் அனலாகக் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. அப்படியே பைக்கில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். குளுக்கோஸ் ஏற்றிய டாக்டர், "இன்னும் அரை மணி ஓட விட்டிருந்தீங்கன்னா என் கையில இல்லை," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை, மகளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அப்பாதுரை தனியாகத் தாம்பரம் மைதானத்துக்குப் போனார். மற்றப் பெற்றோர் வழக்கம்போல் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். இவர் உள்ளே நடந்தார்.

"இன்னா அப்பாதுரை, கடைசி நேரத்துல கால வாரிட்டியே. அவளாட்டம் ரைடர் எங்க கீது?" என்றார் தயாளன்.

"நேத்து அவளுக்குக் கிளினிக்குல குளுக்கோஸ் ஏத்தினாங்க மாஸ்டர். வெரட்டி வெரட்டி ஓட வுட்டது நாந்தான், உன்ன மட்டும் குத்தம் சொல்ல வரல. மத்த புள்ளைங்கள ஒரு வார்த்த கேட்டுப் பாரு, அது போதும்."

தயாளன் எரிச்சலோடு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "நேத்துலேர்ந்து தண்ணி குடிக்காதது யாரு? கையத் தூக்கு."

நான்கு கைகள் எழுந்தன. கடைசிக் கை சுஜியுடையது. அந்தக் குழுவிலேயே ஒல்லியான பெண்.

"நீ நாப்பத்தி நாலு கிலோதான? உனக்கு இன்னாத்துக்கு?"

"எல்லாரும் குடிக்கல சார். நான் மட்டும் குடிச்சா திட்டுவீங்கன்னு..." என்று சொல்லிச் சுஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

தயாளன் யாரையும் கெடுக்க நினைத்தவர் அல்லர். தம்மை எப்படி வளர்த்தார்களோ அப்படியே இவர்களையும் வளர்த்தார். அது பிள்ளைகளின் உடம்பில் எங்கே போய் நிற்கிறது என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

தண்ணீர் கேனைத் தாமே தூக்கி வந்தார். எடை பார்க்கும் முன்பே நால்வரையும் வயிறாரக் குடிக்கச் சொன்னார். அதனால் இரண்டு பேர் எல்லை தாண்டி வெளியே போனார்கள். அவர்களை அவர் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை.

"ஜாஸ்மின நல்லா சாப்ட்டு வரச் சொல்லு. அடுத்த வயசுப் பிரிவுல எடை இன்னும் ஜாஸ்தி இருக்கலாம், அதுல ஆட வைக்கறேன்," என்றார் அப்பாதுரையிடம்.

பிறகு வேலி ஓரம் போய், வெளியே நின்ற பெற்றோரை அழைத்தார்.

"எல்லாரும் உள்ள வாங்க. இனிமே பிராக்டீஸுக்கும் வாங்க. உங்க புள்ளைய நான் இன்னா பண்றேன்னு தெனம் கேளுங்க. கேக்காத பெத்தவங்களும், கேட்டா கோவிச்சுக்கற மாஸ்டரும் சேந்துதான் புள்ளைங்க உசுரோட வெளையாடறோம்."